அடுப்பு பாதி, பாத்திரம் பாதி

உறவுக்குள் யாராவது வீடு கட்டினாலும் தனிக்குடித்தனம் போனாலும் எனக்கு ஒரு போன் வரும். "அக்கா, எத்தனை பர்னர் அடுப்பு வாங்கலாம்? ஹாப் வைக்கலாமா? இண்டக்ஷன் மட்டுமே போதும்னு சொல்றாங்களே, நிஜமா?" நான் உடனே பதில் சொல்வதில்லை. "உன்கிட்ட என்னென்ன பாத்திரம் இருக்கு? தினமும் என்ன சமைப்பே?" என்று திருப்பிக் கேட்பேன். விறகில் ஆரம்பித்து சீமெண்ணெய், கேஸ், இண்டக்ஷன், இன்ஃப்ராரெட் வரை எல்லாவற்றிலும் சமைத்துப் பார்த்த பிறகு எனக்கு உறுதியாகத் தெரிந்தது இது: அடுப்பு பாதி, பாத்திரம் பாதி. சூடு எங்கே உண்டாகிறது, அது பாத்திரத்துக்குள் எப்படிப் போகிறது என்று புரிந்துவிட்டால் எந்த அடுப்பிலும் நன்றாகச் சமைக்கலாம். புரியாமல் வாங்கினால் எவ்வளவு விலை கொடுத்த அடுப்பும் மேடையின் ஓரத்தில் துணி மூடி உட்கார்ந்திருக்கும்.

லால்குடிப் பக்கம் அம்மா வீட்டில் மண் அடுப்பு. அதை ஒட்டி ஒரு கொடி அடுப்பு. விறகு தள்ளுவது பெரிய அடுப்பில் மட்டும்தான். அதில் மிஞ்சுகிற சூடு உள்துளை வழியாகக் கொடிக்குப் போகும். பெரியதில் உலை கொதிக்கும் நேரத்தில் கொடியில் பருப்பு வேகும், பிறகு ரசம் ஆறாமல் இருக்கும். விறகுத் தீ அடியில் மட்டும் நிற்காது. பானையின் விலாவைத் தழுவிக்கொண்டு மேலே ஏறும். அந்தக் காலத்துப் பானைகளுக்கு அடி உருண்டையாகவும் வயிறு அகலமாகவும் இருந்ததற்குக் காரணம் இதுதான். சோற்றுப் பானையின் வெளிப்புறத்தில் சாம்பலைக் குழைத்துப் பூசிவிட்டுத்தான் அம்மா அடுப்பில் ஏற்றுவார். கரியெல்லாம் அந்தப் பூச்சின் மேல் படியும். கழுவும்போது பூச்சோடு சேர்ந்து வந்துவிடும்.

வெந்நீருக்கும் நெல் அவிக்கவும் மரத்தூள் அடுப்பு. தகரத் தவலை மாதிரியான ஒரு உருளை, அடியில் பக்கவாட்டில் ஒரு துளை. நடுவில் ஒரு பாட்டிலை நிறுத்தி, கீழ்த்துளையில் ஒரு கட்டையைச் செருகி, சுற்றிலும் மரத்தூளைக் கொட்டி இடித்து இறுக்குவார்கள். பிறகு பாட்டிலையும் கட்டையையும் மெல்ல உருவினால் நடுவே புகைபோக்கி மாதிரி ஒரு குழி நிற்கும். கீழே பற்றவைத்தால் உட்சுவர் மட்டும் சுற்றிலும் கனன்று, யாரும் பக்கத்தில் இல்லாமலே மணிக்கணக்காக எரியும். தூளை எவ்வளவு இறுக்கமாக இடிக்கிறோமோ அவ்வளவு நிதானமாக எரியும். காற்றையும் எரிபொருளையும் அளந்து விடுவதுதான் தீயை அடக்கும் வழி என்று நான் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டது அந்தத் தகர அடுப்பில்.

அப்புறம் ரேஷன் சீமெண்ணெயில் எரியும் திரி ஸ்டவ். இந்தியன் ஆயில் வடிவமைத்த நூதன் ஸ்டவ் பல வீடுகளில் இருந்தது. அதில் எல்லாத் திரியும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ஒரு திரி மட்டும் நீண்டிருந்தால் அந்தப் பக்கம் மஞ்சளாகத் தீ எழும்பும், பாத்திரத்தில் கரி பிடிக்கும், சாப்பாட்டில் எண்ணெய் வாடை ஏறும். ஞாயிற்றுக்கிழமை ஸ்டவ்வைக் கழற்றி, கருகிய நுனிகளைக் கத்தரித்துச் சமன் செய்வது வீட்டுப் பெண் பிள்ளைகளின் வேலை. எனக்கு அந்த வேலை பிடிக்கும்.

2006-ல் வந்த திமுக அரசு ஏழைக் குடும்பங்களுக்கு இலவசமாக கேஸ் அடுப்பு கொடுத்தது. 2016 மே மாதம் மத்திய அரசின் உஜ்வலா திட்டம் தொடங்கியது. இவற்றால் எங்கள் ஊரிலும் வீட்டுக்கு வீடு நீலத் தீ வந்தது. பெண்களின் கண்ணையும் நெஞ்சையும் புகையிலிருந்து காப்பாற்றிய இந்த மாற்றத்தை நான் மிகப் பெரிய காரியமாக நினைக்கிறேன். ஆனால் அடுப்பு மாறிய வேகத்தில் பாத்திரம் மாறவில்லை. உருண்டை அடிப் பானையும் வாயகன்ற குண்டானும் அப்படியே பர்னர் மேல் ஏறின. ஆடும், சரியும். தீயைப் பெரிதாக வைத்தால் பாத்திரத்துக்கு வெளியே பாதி எரியும். "சிலிண்டர் சீக்கிரம் தீர்ந்துடுது" என்ற புலம்பலில் பெரும்பங்கு இதில்தான் இருந்தது.

கேஸ் அடுப்புக்கு இந்திய தர நிர்ணயம் ஒன்று இருக்கிறது, ஐஎஸ் 4246. அதன்படி அடுப்பு குறைந்தது 68 சதவீத வெப்பத் திறன் காட்ட வேண்டும். அதாவது சோதனைக் கூடத்தில், சரியான அளவுப் பாத்திரம் வைத்துப் பார்க்கும்போதே மூன்றில் ஒரு பங்கு சூடு காற்றில் போகலாம். நம் வீட்டில் சின்ன டபராவைப் பெரிய பர்னரில் வைத்தால் எவ்வளவு போகும் என்று யோசித்துப் பாருங்கள். என் பழக்கம் எளிது. தீயின் நுனி பாத்திரத்தின் அடிவிளிம்பைத் தாண்டக் கூடாது. பால், காபி, தாளிப்பு எல்லாம் சின்ன பர்னரில். குக்கர் பெரிய பர்னரில் ஏறும். முதல் விசில் வந்ததும் சிம்முக்குப் போகும். குக்கருக்குள் அழுத்தம் நிறைந்துவிட்டால் உள்ளே 120 டிகிரிக்கு அருகில் நிற்கும். அதற்கு மேல் எவ்வளவு எரித்தாலும் சூடு ஏறாது, விசிலாக வெளியேறும். சிம்மில் ஒரு விசில்கூட வராமல் பருப்பு மசிய வேகும். இதை நம்ப என் மாமியாருக்குக் கொஞ்ச நாள் பிடித்தது. "விசில் சத்தம் கேக்காம எப்படிம்மா வேகும்?" என்று மூடியையே பார்த்துக்கொண்டிருப்பார். கடிகாரம் பார்த்து அணைத்து, பருப்பைக் கரண்டியில் எடுத்துக் காட்டிய பிறகுதான் சமாதானம் ஆனார்.

தீயின் நிறத்தைத் தினமும் பார்க்கப் பழகிக்கொள்வது நல்லது. நீலமாக, விளிம்பு கூராக, சத்தமில்லாமல் எரிந்தால் சரி. மஞ்சளாகச் சோம்பி எரிந்தால் கேஸோடு கலக்க வேண்டிய காற்று போதவில்லை என்று அர்த்தம். முழுதாக எரியாத கரித்துகள்கள்தான் மஞ்சளாக ஒளிர்கின்றன. பாத்திரத்தின் அடி கறுத்தால் சந்தேகமே வேண்டாம். பொங்கி வழிந்த கஞ்சி பர்னர் துளைகளை அடைத்திருக்கும், அல்லது அடியில் காற்று போகும் வாயில் தூசியோ சிலந்தி நூலோ இருக்கும். உப்புத் தண்ணீர் வழிந்தால் மட்டும் ஒரு நொடி பளீரென்று ஆரஞ்சாகத் தெரியும். அது உப்பிலுள்ள சோடியத்தின் நிறம், பயப்பட ஒன்றுமில்லை.

எங்கள் அடுப்பு ஒருமுறை இப்படி மஞ்சளாக எரிந்தபோது வந்த மெக்கானிக் தம்பி பர்னர் தலையைக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் ஒவ்வொரு துளையாகத் தேய்த்தார். பிறகு அடியில் இருந்த பித்தளை நாசிலை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். நடுவில் ஊசிமுனை அளவுக்கு ஒரு ஓட்டை. "இதுக்குள்ள மட்டும் ஊசி விட்டுக் குத்திடாதீங்கக்கா. ஓட்டை ஒரு இம்மி பெரிசானாலும் கேஸ் கூடப் போகும், தீ மஞ்சளாவே எரியும். அப்புறம் நாசிலையே மாத்தணும்" என்றார். பர்னர் தலையைத் திரும்ப மாட்டும்போது அதன் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் ஒருமுறை அசைத்துப் பார்க்கச் சொன்னார். ஈரத்தோடு மாட்டக் கூடாது என்பதும் அவர் சொன்னதுதான்.

கண்ணாடி மேல்தட்டு அடுப்பு பார்க்க அழகு, துடைக்கவும் சுலபம். சூடாக இருக்கும்போது ஈரத்துணி போடாமல் இருக்கப் பொறுமை வேண்டும். டஃபன்ட் கிளாஸ்தான் என்றாலும் சூட்டில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் விரிசல் விடலாம், மொத்தமாகவும் நொறுங்கலாம். பர்னரை விட மிக அகலமான அண்டாவை நெடுநேரம் வைத்தாலும் சூடு கீழே திரும்பிக் கண்ணாடியைத் தாக்கும். வீட்டில் அடிக்கடி ஐம்பது பேருக்குச் சாம்பார் வைக்கிற குடும்பம் என்றால் ஸ்டீல் அடுப்புதான் என்று நான் கண்டிப்பாகச் சொல்லிவிடுவேன். ஹாப் என்பது மேடைக் கல்லை வெட்டி அதற்குள் பதிக்கும் அடுப்பு. அதில் எனக்கு ஒரே கவலை, கல்லில் வெட்டிய அளவு. அடுப்பு பழுதாகி மாற்றும்போது அதே அளவில் வேறு ஹாப் கிடைக்குமா என்று கேட்டுவிட்டுக் கல்லை வெட்டுங்கள். தீ அணைந்தால் தானாக கேஸை நிறுத்தும் வசதி உள்ளதாக வாங்குங்கள். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் அதற்குக் கூடுதல் பணம் கொடுப்பது நியாயம்.

இனி இண்டக்ஷன். இங்கேதான் பாத்திரம் முழுக்க முழுக்க அடுப்பின் பகுதியாகிவிடுகிறது. கண்ணாடிக்குக் கீழே ஒரு செம்புக் கம்பிச் சுருள். அதில் நொடிக்கு இருபதாயிரம் தடவைக்கு மேல் திசை மாறும் மின்சாரம் ஓடும்போது காந்தப்புலம் எழும்பி, மேலே இருக்கும் இரும்புப் பாத்திரத்தின் அடியிலேயே மின்சுழல்களை உண்டாக்குகிறது. சூடாவது பாத்திரம், அடுப்பு இல்லை. கண்ணாடி சுடுவது பாத்திரத்தின் சூடு இறங்குவதால்தான். அலுமினியம், செம்பு, பித்தளை, மண்சட்டி எதுவும் இதில் வேலை செய்யாது. அடியில் இரும்போ காந்தம் பிடிக்கும் எவர்சில்வரோ இருக்க வேண்டும். எவர்சில்வரிலும் எல்லாம் காந்தம் பிடிப்பதில்லை. பாத்திரக் கடைக்குப் போகும்போது பிரிட்ஜில் ஒட்டியிருக்கும் காந்தத்தைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போவேன். அடியில் சிக்கென்று ஒட்ட வேண்டும். அரைகுறையாக ஒட்டினால் சூடும் அரைகுறைதான்.

இதில் பலரை வெறுக்க வைப்பது தோசை. சாதாரண இண்டக்ஷன் அடுப்பில் சுருளின் அகலம் ஒரு சாண்கூட வராது. கல்லோ அதைவிட அகலம். மாவை ஊற்றினால் நடுவில் வளையமாகக் கருகும், ஓரம் வெள்ளையாக ஒட்டிக்கொண்டு நிற்கும். கல்லின் மேல் குற்றமில்லை, மாவின் மேலும் இல்லை. கல்லை வைத்ததும் 1800 வாட்ஸுக்குப் போவதுதான் காரணம். 800 அல்லது 1000-ல் வைத்து, கனமான வார்ப்பிரும்புக் கல்லுக்குச் சூட்டை ஓரம் வரை கடத்த அவகாசம் கொடுங்கள். ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்தால் அங்கேயும் சுர்ரென்று ஓட வேண்டும். அதுவரை மாவைத் தொடாதீர்கள். நடுவில் ஊற்றித் தேய்க்கும்போதே கையை விரைவாக வெளியே கொண்டுபோய்விட்டு, தோசையைச் சுருளின் அளவை விடக் கொஞ்சம் பெரிதாக மட்டும் நிறுத்துவேன். குடும்பத்துக்கே நெய் ரோஸ்ட் வேண்டும் என்றால் கேஸுக்குப் போய்விடுவேன். வார்ப்பிரும்பைத் திடீரென்று முழு வேகத்தில் சூடாக்கினால் விரிசல் விடவும் வாய்ப்புண்டு. லேசான தகடுத் தவா என்றால் அடி குவிந்து கண்ணாடி மேல் சுற்ற ஆரம்பித்துவிடும்.

அடுத்தது சிம். கேஸில் சிம் என்றால் சின்னத் தீ, விடாமல் எரியும். பல இண்டக்ஷன் அடுப்புகளில் 300, 400 வாட்ஸ் என்று வைத்தால் அது சில நொடி பெரிய சூட்டில் ஓடும், சில நொடி நிற்கும். சராசரி 400 வரும், அவ்வளவே. பாலைக் காய்ச்சும்போது நன்றாகத் தெரியும்: எழும்பும், அடங்கும், மறுபடி எழும்பும். பாயசமோ அல்வாவோ மெல்லிய பாத்திரத்தில் கிளறினால் அந்தச் சில நொடியில் அடிப்பிடிக்கும். நடுவில் அலுமினியம் பொதிந்த கன அடிப் பாத்திரம் இருந்தால் அந்த ஏற்ற இறக்கத்தை அதுவே வாங்கிக்கொள்ளும். அப்படி ஒரு பாத்திரம் வாங்கிய பிறகுதான் எங்கள் வீட்டில் பாயசம் இண்டக்ஷனுக்கு வந்தது. குக்கரில் நேரம் குறைவதால் ஆவியாகும் தண்ணீரும் குறைவு. வழக்கமாக வைப்பதை விடக் கால் டம்ளர் குறைத்தால் சாதம் குழையாது.

தண்ணீர் கொதிக்க வைப்பது, குக்கர், கஞ்சி, கொழுக்கட்டைக்கு மாவு கிளற வெந்நீர், இடியாப்ப ஆவி எல்லாவற்றுக்கும் இண்டக்ஷனை அடிக்க ஆளில்லை. சித்திரை, வைகாசித் திருச்சி வெயிலில் அடுக்களைக்குள் தீ இல்லாமல் நிற்பது எவ்வளவு பெரிய நிம்மதி என்று சமைப்பவர்களுக்குத் தெரியும். ஆனால் கத்திரிக்காய் சுட முடியாது, அப்பளம் சுட முடியாது, சுக்கா ரொட்டி உப்பாது, மீன் குழம்புக்கு மண்சட்டி ஏறாது. மின்சாரம் போனால் எதுவுமே நடக்காது.

செலவுக் கணக்கை நானே போட்டுப் பார்த்திருக்கிறேன். 14.2 கிலோ சிலிண்டரில் இருக்கும் வெப்பம் ஏறக்குறைய 180 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். கேஸ் அடுப்பில் அதில் மூன்றில் இரண்டு பங்கு பாத்திரத்துக்குப் போனால் 120 யூனிட். இண்டக்ஷனில் வீணாவது குறைவு என்பதால் சுமார் 140 யூனிட் செலவழித்தால் ஒரு சிலிண்டர் வேலை முடியும். உங்கள் பில்லில் கடைசி யூனிட்டுக்கு என்ன விலை போடுகிறார்களோ அதை 140-ஆல் பெருக்கி, சிலிண்டர் விலையோடு ஒப்பிடுங்கள். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு. 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படி யூனிட்டுகளுக்கும் விலை கூடிவிடும். ஏசி ஓடும் மாதங்களில் 500-ஐ ஒட்டி நிற்கும் வீடு என்றால் சமையலைக் கேஸுக்குக் கொண்டுபோவதே லாபம். குறைவாக மின்சாரம் செலவாகும் வீட்டில் கணக்கு தலைகீழாக மாறும். எல்லா வீட்டுக்கும் ஒரே பதில் கிடையாது.

2000 வாட்ஸ் அடுப்பு ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். மிக்ஸி போடும் 6 ஆம்பியர் சின்ன பிளக்கில் மாற்றுச் செருகி வைத்து இதை ஓட்டுவதைப் பல வீடுகளில் பார்க்கிறேன். பிளக் பழுப்பாகி இளகியிருக்கும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். 16 ஆம்பியர் பிளக்கில் நேராகச் செருகுங்கள், எக்ஸ்டென்ஷன் பெட்டி வேண்டாம். சமைத்து முடித்ததும் உள்ளே விசிறி சுற்றிக்கொண்டிருக்கும். அது நின்ற பிறகு சுவரில் அணைத்தால் அடுப்பு நீடித்து உழைக்கும்.

எங்கள் வீட்டில் விடியற்காலைக் காபி மாமா பொறுப்பு. அவருக்குப் பேஸ்மேக்கர் வைத்த பிறகு, இண்டக்ஷன் ஓடும்போது இரண்டு அடி தள்ளி நிற்கும்படி டாக்டர் சொல்லிவிட்டார். இரண்டு அடி தள்ளி நின்று காபி போட முடியுமா? அதனால் இன்ஃப்ராரெட் அடுப்பு வந்தது. பார்க்க இண்டக்ஷன் மாதிரியே இருக்கும், உள்ளே கதை வேறு. கண்ணாடிக்குக் கீழே கம்பி செக்கச்செவேலென்று காய்ந்து, அந்தச் சூடு மேலே பாத்திரத்துக்குப் போகிறது. காந்தப்புலத்தால் பாத்திரத்தைச் சூடாக்கும் வேலையே இதில் இல்லாததால் எந்த உலோகமும் ஏறும். அவருடைய பித்தளைப் பாத்திரமும் ஏறியது. அடி தட்டையாக இருந்தால் போதும். கண்ணாடி நெடுநேரம் கொதிக்கும் என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவைக்க வேண்டும். சிவப்பு மறைந்த பிறகும் கை வைத்தால் பொசுங்கிவிடும். அந்த மிச்சச் சூட்டை வீணாக்காமல் டிகாக்ஷனைச் சூடு செய்ய மாமா வைத்துக்கொள்வார். பால் பொங்கும் முன்னரே அணைத்துவிடுவார், மிச்சச் சூட்டில் அது நிதானமாக எழும்பும்.

எந்த அடுப்பு கூடுதலாக வந்தாலும் சிலிண்டர் பெரும்பாலான வீடுகளில் இருக்கத்தான் போகிறது, அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். வாங்கும்போது சீலைப் பாருங்கள். வெறும் சிலிண்டரின் எடை அதன் மேலேயே எழுதியிருக்கும், அதோடு 14.2 சேர்த்தால் வர வேண்டிய எடை, தராசு கேட்பது உங்கள் உரிமை. கைப்பிடித் தகட்டில் ஏ, பி, சி, டி என்ற எழுத்தும் இரண்டு இலக்கமும் இருக்கும். ஏ என்றால் மார்ச், பி ஜூன், சி செப்டம்பர், டி டிசம்பர், இலக்கம் ஆண்டு. அந்தக் காலம் முடிந்துவிட்ட சிலிண்டரைத் திருப்பி அனுப்புங்கள். ரெகுலேட்டர் மாட்டும் முன் சிலிண்டர் வாய்க்குள் ரப்பர் வாஷர் இருக்கிறதா என்று பார்ப்பது, மாட்டிய பிறகு சோப்பு நுரை தடவி முட்டை விடுகிறதா என்று பார்ப்பது, இரண்டுக்கும் ஒரு நிமிடம் ஆகாது. டியூபை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

சமையல் கேஸ் காற்றை விடக் கனமானது. கசிந்தால் தரையோடு தவழ்ந்து மேடைக்கு அடியில் தேங்கும். அதனால் வாடை வந்தால் ஜன்னலோடு வாசல் கதவையும் திறக்க வேண்டும். எக்ஸாஸ்ட் ஃபேன் உட்பட எந்த ஸ்விட்சையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூடிவிட்டு, வெளியே வந்து 1906-க்குப் பேசுங்கள். குழாய் வழி வரும் இயற்கை எரிவாயு இதற்கு நேர்மாறு, காற்றை விட லேசானது, மேலே ஏறும். சிலிண்டர் அடுப்பை அப்படியே குழாய் கேஸில் இணைக்கவும் முடியாது. அழுத்தமும் நாசில் அளவும் வேறு. இணைப்புக் கொடுக்க வருபவர் நாசிலை மாற்றித் தருவார்.

போன மாதம் நாத்தனார் போன் செய்தாள், அடுக்களையில் வயரிங் நடக்கிறதாம். மேடையின் ஒரு பக்கம் தனி லைனில் இரண்டு 16 ஆம்பியர் பாயின்ட், பர்னர் பக்கம் வராமல், தண்ணீர்க் குழாயிலிருந்தும் தள்ளி வைக்கச் சொன்னேன். சிலிண்டர் வைக்கும் இடத்துக்குத் தரை மட்டத்தில் ஒரு காற்றுத் துளை. மூன்று பர்னர் ஸ்டீல் அடுப்பு போதும். நான்காவது பர்னர் காசுக்கு ஒரு இண்டக்ஷன் வந்துவிடும். "பாத்திரம் புதுசா எல்லாம் வாங்கணுமா அண்ணி?" என்றாள். எல்லாம் வேண்டாம், இண்டக்ஷனுக்கு மூன்று போதும் என்றேன். கன அடியில் மூன்று லிட்டர் ஸ்டீல் குக்கர் ஒன்று, பால் காய்ச்ச ஒன்று, சின்ன வார்ப்பிரும்புக் கல் ஒன்று. அவள் வீட்டு அலுமினிய இட்லிப் பானையும் மண்சட்டியும் கேஸ் பக்கமே இருக்கட்டும்.